பழைய ஜீப்புக்கு எந்த ஏர் ஃபில்டர்?

நான் வாங்கிய பழைய டீசல் ஜீப்பின் பானெட்டைத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது பளபளக்கும் சிவப்புக் கூம்பு ஒன்று. தொழிற்சாலையில் வைத்திருந்த கருப்பு ஆயில் பாத் ஏர் கிளீனரை, அதாவது கிண்ணத்தில் ஊற்றிய எண்ணெயால் தூசியைப் பிடிக்கும் காற்று வடிகட்டியை, கழற்றிவிட்டு, முந்தைய உரிமையாளர் அந்தக் கூம்பு ஃபில்டரை மாட்டியிருந்தார். வண்டி நன்றாகத்தான் ஓடியது. சத்தம்கூடக் கம்பீரமாக இருந்தது. சில வாரங்கள் கழித்துக் கூம்பைக் கழற்றி, அதற்குப் பின்னால் இருந்த ரப்பர் குழாயின் உட்புறத்தை விரலால் தடவினேன். விரல் நுனியில் மாவு போன்ற மண் அப்பிக்கொண்டு வந்தது. வெளியே நிற்க வேண்டிய புழுதி, ஃபில்டரைத் தாண்டி எஞ்சினின் வாசலில் உட்கார்ந்திருந்தது. பின்னர் எஞ்சினைப் பிரித்தபோது ஒவ்வொரு பிஸ்டனிலும் மேல் ரிங் மற்ற ரிங்குகளைவிட மெலிந்து போயிருந்தது. காற்று வழியாகப் புழுதி போன எஞ்சினுக்கு அதுதான் அடையாளம்.

அன்றிலிருந்து ஃபில்டர் வாங்கும்போது எவ்வளவு காற்றை விடும் என்பதை நான் கடைசியில்தான் பார்க்கிறேன். எவ்வளவு மண்ணை விடும் என்பதே முதல் கேள்வி. கரடுமுரடான பாதையில் ஓட்டும் பழைய ஆஃப்ரோடு வண்டிக்கு, வண்டியோடு வராத வெளிச்சந்தை ஃபில்டர் மாட்ட நினைப்பவர்களுக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன: இருக்கிற ஆயில் பாத்தையே செப்பனிட்டு வைத்துக்கொள்வது, காகித எலிமென்ட் (டப்பாவுக்குள் வடிகட்டும் பகுதி) உள்ள மூடிய டப்பாவுக்கு மாறுவது, எண்ணெய் தடவிய பருத்தித் துணி ஃபில்டர், எண்ணெய் தடவிய ஃபோம். நான்குக்கும் ஆதரவாளர்கள் உண்டு. நான்கையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்பதற்கு முன், அந்தத் தராசு எது என்று சொல்லிவிட வேண்டும்.

மண்ணில் பெரும்பங்கு குவார்ட்ஸ். மோஸ் கடினத்தன்மை அளவில் அது 7. சிலிண்டரின் வார்ப்பிரும்பு அதற்குக் கீழே. கண்ணுக்குத் தெரிகிற மணலைவிடத் தெரியாத புழுதியே அதிகம் கெடுக்கும். தலைமுடி ஒன்றின் பருமன் சுமார் 70 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே, பேரிங்குக்கும் அதில் சுழலும் கிராங்க் தண்டுக்கும் இடையே இருக்கும் ஆயில் படலமோ சில மைக்ரான்தான். அதற்குள் நுழைகிற அளவுக்குச் சிறியதாகவும், நுழைந்தபின் இரண்டு பக்கமும் உரசுகிற அளவுக்குப் பெரியதாகவும் இருக்கும் துகள்கள், அதாவது ஏறத்தாழ 5 முதல் 20 மைக்ரான் வரை உள்ளவை, உப்புத்தாள் போல வேலை செய்கின்றன.

இப்போது கொஞ்சம் கணக்கு. 2.5 லிட்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடினால், மணிக்கு ஏறத்தாழ 160 கனமீட்டர் காற்றை உறிஞ்சும். முன்னால் போகும் வண்டியே கண்ணுக்குத் தெரியாத புழுதி என்றால், ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 0.9 கிராம் தூசி இருப்பதாகப் பொறியாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்படியானால் ஒரு மணி நேரத்தில் ஃபில்டரின் வாயில் வந்து நிற்பது சுமார் 140 கிராம் மண். 99.5 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் அதில் 0.7 கிராமை உள்ளே விடும். 97 சதவீதம் பிடிக்கும் ஃபில்டர் 4.2 கிராமை விடும். விளம்பரத்தில் இரண்டும் அக்கம்பக்கத்து எண்கள். எஞ்சினுக்கோ ஒன்று மற்றொன்றைப் போல ஆறு மடங்கு. தார்ச்சாலையில் மட்டும் ஓடும் காருக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் அங்கே வாயில் வந்து நிற்கும் மண்ணே சொற்பம். புழுதிப் பாதையில் கூட்டமாகப் போகும் வண்டிகளில் கடைசியாகப் போவது நம்முடையது என்றால், இந்த ஒரு கணக்கே எல்லாவற்றையும் தீர்மானித்துவிடும்.

பெட்டிமேல் அச்சிட்ட சதவீதத்தை எப்படிப் படிப்பது என்றும் தெரிந்திருக்க வேண்டும். ஏர் ஃபில்டர்களைச் சோதிப்பதற்கு ஐஎஸ்ஓ 5011 என்ற சர்வதேசத் தரமுறை இருக்கிறது. அதில் பயன்படுத்தும் சோதனைத் தூசியை ஐஎஸ்ஓ 12103-1 வரையறுக்கிறது. அந்தத் தூசியில் நுண்ணியது, கரடானது என்று வகைகள் உண்டு. கரடுத் தூசியில் சோதித்தால் எந்த ஃபில்டரும் நல்ல எண்ணைக் காட்டும். ஆகவே எந்தத் தூசியில் சோதித்தார்கள், சொல்லும் எண் புதிய ஃபில்டரின் தொடக்கத் திறனா அல்லது நிறைந்து அடைக்கும்வரை எடுத்த சராசரியா என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத நிறுவனத்தின் ஃபில்டரை நான் தொடுவதில்லை.

ஆயில் பாத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலான பழைய வண்டிகள் அதோடுதான் பிறந்தன. இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் ஜீப்பில் அதுதான் இருந்தது. பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளிலும் அதுதான். காற்று மேலிருந்து இறங்கி, கிண்ணத்தில் இருக்கும் எண்ணெயின் மேற்பரப்பில் மோதி, சட்டென்று மேல்நோக்கித் திரும்பும். கனமான தூசி அந்தத் திருப்பத்தில் திரும்ப முடியாமல் எண்ணெயில் விழுந்து அமிழ்ந்துவிடும். தெறிக்கும் எண்ணெய் மேலே இருக்கும் கம்பி வலையை நனைத்துக்கொண்டே இருக்கும். மிச்சத் தூசி அங்கே ஒட்டி, எண்ணெயோடு சொட்டிக் கிண்ணத்துக்கே திரும்பும். அழகான ஏற்பாடு. உதிரிப்பாகம் எதுவும் வேண்டாம். கொஞ்சம் பழைய எஞ்சின் ஆயிலும் மண்ணெண்ணெயும் இருந்தால் நடுக்காட்டில் உட்கார்ந்து சுத்தம் செய்துவிடலாம். கிண்ணத்தில் எவ்வளவு மண் சேர்ந்தாலும் காற்றின் வழி பெரிதாக அடைபடாது. இந்தக் குணம் வேறு எந்த ஃபில்டருக்கும் கிடையாது.

ஆனால் அதன் திறன் காற்றின் வேகத்தை நம்பியிருக்கிறது. எஞ்சின் வேகமாக ஓடும்போது 98 சதவீதம்வரை பிடிக்கும் ஆயில் பாத், மெதுவாகத் தவழும்போது அதைவிடக் குறைவாகவே பிடிக்கும், ஏனென்றால் மெல்லப் போகும் காற்றுக்கு எண்ணெயைக் கலக்கும் விசை இல்லை. பாறைமேல் ஏறி இறங்கும் ஆஃப்ரோடு ஓட்டம் பெரும்பாலும் இந்த மெதுவான வேகத்தில்தான் நடக்கிறது. நுண்ணிய புழுதியிலும் அது சற்றுத் தளர்ந்துவிடும். சாய்வு இன்னொரு தொல்லை. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்போது எண்ணெய் ஓரமாக ஒதுங்கி, உள்ளே உறிஞ்சப்படலாம். பெட்ரோல் எஞ்சினில் அது புகையோடு முடியும். டீசலில், உள்ளே போகும் எண்ணெயே எரிபொருளாகி, சாவியைத் திருப்பி அணைத்தாலும் நிற்காமல் எஞ்சின் தறிகெட்டு ஓடும் ஆபத்து உண்டு. கிண்ணத்தில் போட்டிருக்கும் கோட்டைத் தாண்டி எண்ணெய் ஊற்றுவது இந்த ஆபத்தை நாமே விலை கொடுத்து வாங்குவது போல. ஆற்றைக் கடந்தபின் எண்ணெய் பால்நிறமாகியிருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மாற்ற வேண்டும். புழுதியில் ஓட்டிய ஒவ்வொரு நாளின் முடிவிலும் கிண்ணத்தைத் திறந்து பார்க்கத் தயாராக இருப்பவருக்கு, மரபு மாறாமல் வண்டியை வைத்திருக்க விரும்புபவருக்கு, ஆயில் பாத் இன்றும் தகுதியானதுதான். அதைப் பழசு என்று ஏளனம் செய்து தூக்கி எறிபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் ஜீப்பில் எறிந்தவர் எறிந்த இடத்தில் மாட்டியது அதைவிட மோசமானது.

காகித ஃபில்டரைப் பற்றிப் பலருக்கு இருக்கும் எண்ணம், அது மலிவான, சாதாரணமான ஒன்று என்பது. வடிகட்டும் திறனில் இந்த நான்கில் முதலிடம் அதற்குத்தான். நல்ல காகித எலிமென்ட் நுண்ணிய சோதனைத் தூசியிலும் 99 சதவீதத்துக்கு மேல் பிடிக்கும். கனரக வண்டிகளுக்குச் செய்பவை அதையும் தாண்டும். எஞ்சின் தவழ்ந்தாலும் பாய்ந்தாலும் அதன் திறன் பெரிதாக மாறாது. இன்னொரு விசேஷமும் இருக்கிறது. காகிதத்தின்மேல் படியும் தூசியே அடுத்து வரும் தூசிக்கு வடிகட்டியாகிவிடும். அதனால் பளிச்சென்ற புதிய எலிமென்ட்டைவிடக் கொஞ்சம் அழுக்கேறிய எலிமென்ட் நன்றாகப் பிடிக்கும். வாராவாரம் திறந்து தட்டி ஊதிச் சுத்தம் செய்பவர்கள், வடிகட்டுவதில் தேறியிருந்த அந்தப் படிவை உதிர்த்துவிடுகிறார்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் வெளிப்பக்கத்துத் தூசி உள்பக்கம் விழவும் வாய்ப்பு இருக்கிறது.

காகிதத்தின் உண்மையான பகை கம்ப்ரசர் காற்று. சர்வீஸ் நிலையங்களில் ஃபில்டரை எடுத்தவுடன் முழு அழுத்தத்தில் ஊதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் விழுந்துவிடும். அதன்பின் அந்த எலிமென்ட் சுத்தமாகத் தெரியும், ஆனால் வேலை செய்யாது. வேறு வழியே இல்லை என்றால் 2 பாருக்குக் குறைந்த அழுத்தத்தில், உள்ளிருந்து வெளியே, தள்ளிப் பிடித்து ஊத வேண்டும். பிறகு இருட்டில் எலிமென்ட்டுக்குள் ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். ஊசிமுனை வெளிச்சம் ஒன்று தெரிந்தாலும் தூர எறிய வேண்டியதுதான். தண்ணீரும் ஆகாது. நனைந்த காகிதம் உப்பிக் காற்றை அடைக்கும், சில நேரம் உள்பக்கமாகக் குழிந்து கிழியும். இந்தக் குறைக்காகத்தான் கனரக டப்பாக்களில் பெரிய எலிமென்ட்டுக்குள் ஒரு சிறிய காவல் எலிமென்ட் வைக்கிறார்கள். வெளியே இருப்பது கிழிந்தாலும், மாற்றும்போது மண் விழுந்தாலும், அது தடுக்கும். அந்தச் சின்ன எலிமென்ட்டைச் சுத்தம் செய்யவே கூடாது, மாற்ற மட்டும் வேண்டும்.

எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்தான் விளம்பரங்களில் அதிகம் வருவது. வாழ்நாள் முழுக்கக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம், காற்று தாராளமாகப் போகும், சக்தி கூடும் என்பார்கள். முதல் இரண்டும் உண்மை. மூன்றாவதை வண்டியைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பழைய டீசலில் பம்ப் எவ்வளவு எரிபொருளைத் தருகிறதோ அவ்வளவுதான் சக்தி. அந்த எரிபொருள் எரியப் போதிய காற்று ஏற்கெனவே கிடைத்துக்கொண்டிருந்தால், காற்றின் வழியைத் திறந்துவிடுவதால் கூடுவதற்கு ஒன்றுமில்லை. முழுச் சுமையில் கறுப்புப் புகை கக்கும் வண்டியில் வேண்டுமானால் மாற்றம் தெரியலாம், அதுவும் பழைய ஃபில்டர் அடைத்திருந்தால். கார்புரேட்டர் உள்ள பெட்ரோல் எஞ்சினில் காற்றோட்டம் மாறினால் பெட்ரோல் கலவை மாறும்; ஜெட்டை, அதாவது பெட்ரோல் வரும் சிறு துளையை, மாற்றி அமைக்காமல் விட்டால் இழுவை குறைவதும் உண்டு.

பருத்தி ஃபில்டர்மீது சொல்லப்படும் ஒரு குற்றச்சாட்டு பழைய வண்டிக்குப் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிக எண்ணெய் தடவினால் காற்றளவு சென்சார் கெடும் என்பார்கள். கார்புரேட்டரோ மெக்கானிக்கல் பம்போ உள்ள வண்டியில் அந்தச் சென்சாரே இல்லை. என் தயக்கம் வேறு இடத்தில். இந்த ஃபில்டரின் திறன் கழுவிக் காயவைத்து எண்ணெய் தடவும் கையின் பக்குவத்தைப் பொறுத்தது. ஒரு மடிப்பில் எண்ணெய் படாமல் போனால் அங்கே வெறும் வலைத்துணிதான் இருக்கிறது. என் ஜீப்பில் இருந்த கூம்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது, எண்ணெய் காய்ந்து, துணியின் இழைகளுக்கு நடுவே வானம் தெரிந்தது. அதைக் கழுவ வேண்டிய நாளில் கழுவியிருந்தால் என் எஞ்சின் பிழைத்திருக்குமா என்று யோசித்திருக்கிறேன். ஓரளவு பிழைத்திருக்கும். ஆனாலும் கனமான புழுதியில் அது காகிதத்தோடு போட்டியிட முடியாது.

ஃபோம் ஃபில்டர் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கரடுமுரடான பாதையில் ஓடும் மோட்டார் சைக்கிள்களில் அது நன்கு நிரூபணமானது. தூசி மேலோட்டமாகப் படியாமல் ஆழம் முழுக்கப் பரவிப் பிடிபடுவதால் நிறைய மண்ணைத் தாங்கும், நனைந்தாலும் கிழியாது. எண்ணெய் தடவிய ஒன்றைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உதிரியாக எடுத்துப் போகலாம். ஆனால் ஃபோம் வயதானால் பொடியும், பொடிந்த துண்டுகள் எஞ்சினுக்குள்தான் போகும். பெட்ரோலில் கழுவினால் ஒட்டிய மூட்டுகள் விட்டுவிடும். பழைய ஜீப்பின் டப்பாவுக்கு அளவாகச் செய்த நல்ல ஃபோம் கிடைத்தால், பருத்தியைவிட அதை நான் முன்னால் வைப்பேன்.

இதுவரை பேசியதெல்லாம் ஃபில்டரின் உடலைப் பற்றி. எஞ்சினைக் காப்பதில் அதைவிடப் பெரிய பங்கு டப்பாவுக்கும் குழாய்க்கும் இருக்கிறது. வெளிச்சந்தையில் வாங்கும்போது அதிகம் தவறுவதும் இங்கேதான். திறந்த கூம்பு பானெட்டுக்கு அடியில் இருக்கும் சூடான காற்றைக் குடிக்கிறது. காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். ஃபில்டரில் மிச்சம்பிடித்ததை வெப்பத்தில் இழக்கிறோம். முன்சக்கரம் வாரி இறைக்கும் புழுதியும், ஆற்றில் ஃபேன் சிதறடிக்கும் தண்ணீரும் நேராக அதன்மேல்தான் படும். தொழிற்சாலை ஏர் கிளீனரில் எஞ்சினின் மூச்சுக்குழாய் (எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) வந்து சேரும் ஒரு சின்ன முனை பெரும்பாலும் இருக்கும். கூம்பு மாட்டுபவர்கள் அந்தக் குழாயை அப்படியே தொங்கவிட்டுவிடுகிறார்கள். அப்போது தூசிக்கு எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே நேர்வழி திறந்துவிடுகிறது. சில பழைய டீசல் பம்புகளின் கவர்னர் (எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி), உறிஞ்சுகுழலில் உண்டாகும் வெற்றிடத்தை வைத்தே வேலை செய்யும். அத்தகைய வண்டியில் த்ராட்டில் பகுதியிலோ அதன் வெற்றிடக் குழாயிலோ கை வைக்காமல், அதற்கு முன்னால் இருப்பதை மட்டும் மாற்ற வேண்டும்.

ஸ்நார்கெல், அதாவது கூரை உயரத்திலிருந்து காற்றை இழுக்கும் குழாய், மாட்டுவது பற்றியும் கேட்பார்கள். தண்ணீருக்காக மாட்டினாலும் அதன் முதல் பயன் புழுதியில்தான். கூரை உயரத்துக் காற்றில் தரைமட்டக் காற்றைவிடத் தூசி குறைவு. அதன் தலையில் காற்றைச் சுழற்றித் தூசியை ஒதுக்கும் சைக்ளோன் கிண்ணத்தை வைத்தால், கரடான மண்ணில் பெரும்பகுதி ஃபில்டரை அடையுமுன்பே விழுந்துவிடும். எலிமென்ட்டின் ஆயுள் கூடும். நுண்ணிய புழுதியை அது பிடிக்காது என்பதால் ஃபில்டருக்கு மாற்றாக அதை எண்ணக் கூடாது. ஸ்நார்கெலின் ஒவ்வொரு மூட்டும் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். பானெட்டின் ஓரத்தில் ஒரு மூட்டு கசிந்தால், கூரையில் வைத்த தலையால் எந்தப் பயனும் இல்லை.

எல்லாவற்றையும் பார்த்தபின் என் ஜீப்புக்கு நான் எடுத்தது காகித வழி. சிறிய லாரிகளிலும் டிராக்டர்களிலும் வரும் உருளை டப்பா. உள்ளே தூசியைச் சுழற்றி ஒதுக்கும் இறக்கைகள், பெரிய எலிமென்ட், காவல் எலிமென்ட், அடியில் ரப்பர் வால்வு. அந்த வால்வு வாத்தின் மூக்கு போல இருக்கும். எஞ்சினின் துடிப்பில் திறந்து மூடி, ஒதுக்கிய மண்ணைத் தானாகவே துப்பும். பழைய டப்பா வாங்கினால் முதலில் மாற்ற வேண்டியது அந்த ரப்பரைத்தான். இறுகிப் போய்த் திறந்தே நின்றால், ஒதுக்கிய மண்ணைத் துப்புவதற்குப் பதிலாக அடியிலிருந்து புழுதியை உள்ளே இழுக்கும். எஞ்சினுக்குத் தேவையான காற்றைவிட ஓர் அளவு பெரிய டப்பாவாக எடுத்தேன். பெரிய எலிமென்ட் என்றால் மெதுவாக அடைபடும், மாற்றும் இடைவெளி நீளும். டப்பாவை எஞ்சின்மேல் அல்லாமல் பக்கவாட்டுத் தகட்டில் இரும்புப் பட்டைகளால் இறுக்கினேன். இடையே வளையும் குழாய் வைத்தால்தான் எஞ்சின் ஆட்டம் மூட்டுகளைத் தளர்த்தாது. வெடிப்பு விழுந்திருந்த பழைய ரப்பர் குழாயைத் தூக்கிப் போட்டுவிட்டு, உள்ளே கம்பிச்சுருள் உள்ள புதியதை, இரண்டு முனையிலும் அகலமான கிளாம்ப்களோடு மாட்டினேன். அடைப்பைக் காட்டும் சின்ன மீட்டரையும் டப்பாவின் வெளிவாயில் பொருத்தினேன். சிவப்பு தெரியும்வரை ஃபில்டரைத் திறப்பதில்லை.

கார்புரேட்டர் ஜீப் வைத்திருப்பவர்கள், புழுதி குறைவான பாதையில் மாதம் ஒருமுறை போவதாக இருந்தால், தொழிற்சாலை டப்பாவைச் செப்பனிட்டு அதற்குள் நல்ல எலிமென்ட் போட்டாலே போதும். மாறவே வேண்டாம். பாலைநிலத்திலும் வறண்ட மண்பாதையிலும் நாள்கணக்கில் ஓட்டுபவர்கள், டீசலோ பெட்ரோலோ, மூடிய காகித டப்பாவுக்கே வாருங்கள். டர்போ இருந்தால் யோசிக்கவே வேண்டாம். புழுதி முதலில் தின்பது அதன் சுழலியின் விளிம்பைத்தான். தண்ணீரிலும் சேற்றிலும் அதிகம் புழங்குபவர்களுக்கு, நனைந்தாலும் தாங்கும் ஃபோம் ஒரு நியாயமான தேர்வு. திறந்த கூம்பை மட்டும் எந்த நிலையிலும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை மாட்டினாலும், முதல் பயணத்துக்கு முன் இரண்டு சோதனை செய்யுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது, காற்று நுழையும் வாயை ஒரு பலகைத் துண்டால் நொடிப்பொழுது மூடுங்கள், கையை வைக்காதீர்கள். எஞ்சின் திணறி அணையப் போனால் வேறு ஓட்டை இல்லை. கவலையில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் எங்கோ கசிகிறது. பிறகு ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே உள்ள குழாயின் உட்சுவரில் விரலகலத்துக்கு மெல்லிய கிரீஸ் பூசிவிட்டுப் புழுதிப் பாதையில் ஒரு நாள் ஓட்டுங்கள். திரும்பி வந்து கழற்றி, அந்தக் கிரீஸை இரண்டு விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நறநறத்தால் மூட்டுகளை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். எனக்கு முதல் முறை நறநறத்தது. டப்பாவின் வாயில் ஒரு கிளாம்ப் சாய்வாக இறுகியிருந்தது. அதை நேராக்கி, கிரீஸைத் துடைத்துப் புதிதாகப் பூசி, அதே பாதையில் மறுபடி ஓட்டினேன். இரண்டாம் முறை விரல்களுக்கு நடுவே வெண்ணெய் போல வழுக்கியது.